அரங்கமும் அங்காடியும்

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் மேடையில் ஓர் ஊரின் பொருள் வளத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழக்கூடும். அறத்திற்கும் இன்பத்திற்கும் நடுவே பொருளை நிறுத்திய தமிழ் மரபு அந்த ஐயத்திற்கு இடம் தரவில்லை. திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 70 அதிகாரங்கள் பொருட்பாலைச் சேர்ந்தவை. ஆகவே இலக்கிய அவையில் பொருளைப் பற்றிய ஆய்வு இடம்பெறுவது மரபு வழிப்பட்டதே ஆகும்.

திருவரங்கம் என்றவுடன் ஆழ்வார் பதினொருவரின் பாசுரங்களும், இராமாநுசரின் தொண்டும், கம்பர் தம் காப்பியத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபமும் நினைவுக்கு வருகின்றன. இவற்றைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. ஆனால், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தீவில் மக்கள் எதைக் கொண்டு வாழ்ந்தனர், அந்த வாழ்வு எப்பொழுது செழித்தது, எப்பொழுது தளர்ந்தது, இனி எவ்வாறு அமையும் என்னும் வினாக்கள் போதிய அளவு கேட்கப்படவில்லை. திருவரங்கத்தின் செல்வம் கருவூலத்தில் குவிந்த பொன்னால் நிலைபெறவில்லை. கோயிலுக்கு வந்த பொருள் மீண்டும் நிலத்திற்கும் நீருக்கும் கைத்தொழிலுக்கும் திரும்பிச் சென்றதால் நிலைபெற்றது. அந்தச் சுழற்சி அறுந்த காலங்களில் ஊர் தளர்ந்தது. இன்றைய வளர்ச்சியையும் இந்த அளவுகோல் கொண்டே அளத்தல் வேண்டும்.

இரண்டு ஆறுகள், இரண்டு ஊர்கள்

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இவ்விரு ஆறுகளின் இடையே அமைந்த தீவில் திருவரங்கமும் திருவானைக்காவும் உள்ளன. காவிரியின் தென்கரையில் சோழரின் பழந்தலைநகரான உறையூர் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் அரங்கத்தைக் கடந்தே உறையூரை அடைகின்றனர். அரங்கம் வழிபாட்டூர், உறையூர் தொழிலூர். இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால் இரண்டின் பொருளியலும் விளங்காது.

உறையூரின் தொழில் தொன்மைக்குச் சான்றுகள் உள்ளன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடல் பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு 'அர்கரு' என்னும் ஊரின் மெல்லிய துணியைச் சுட்டுகிறது. அவ்வூர் உறையூரே என்பது ஆய்வாளர் கொள்கை. சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை உறையூரில் நடத்திய அகழாய்வில், துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டதாகக் கருதப்படும் செங்கல் தொட்டி ஒன்று வெளிப்பட்டது. ஏட்டிலும் மண்ணிலும் ஒரே செய்தி கிடைப்பது அரிது. உறையூர்த் துணிக்கு அந்தச் சிறப்பு வாய்த்திருக்கிறது.

இவ்விரண்டு ஊர்களின் உறவை இன்றளவும் காட்டி நிற்பது பங்குனித் திருவிழா. ஆண்டுதோறும் பங்குனியில் நம்பெருமாள் ஆற்றைக் கடந்து உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி காண்கிறார். பக்தி நோக்கில் இது திருமண விழா. பொருளியல் நோக்கில் இது வழிபாட்டூரும் தொழிலூரும் ஆண்டுக்கு ஒருமுறை தம் உறவைப் புதுப்பித்துக்கொள்ளும் நிகழ்ச்சி. விழா நடக்கும் இடத்தில் அங்காடி கூடுவது பழந்தமிழ் வழக்கம்.

கல்வெட்டுகள் காட்டும் பொருளோட்டம்

திருவரங்கம் கோயிலில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன. இந்தியத் தொல்லியல் துறை அவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24-ஆம் தொகுதியாக வெளியிட்டது. முதற் பராந்தக சோழன் காலம் தொட்டு நாயக்கர் காலம் வரை நீளும் இக்கல்வெட்டுகளில் மன்னர் புகழ் மெய்க்கீர்த்தியோடு முடிந்துவிடுகிறது. எஞ்சிய வரிகள் நிலம், நீர், நெல், பொன், ஆடு, விளக்கு, நந்தவனம் ஆகியவற்றின் கணக்குகளே.

சோழர் காலத்தில் ஒருவர் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்பினால் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளை அளிப்பார். அந்த ஆடுகள் மன்றாடிகளிடம் ஒப்படைக்கப்படும். அவர்கள் நாள்தோறும் குறித்த அளவு நெய்யை அளந்து தர வேண்டும். மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காப்பது அவர்கள் பொறுப்பாதலால் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. அளிக்கப்பட்ட முதல் அழிவதில்லை. மேய்ப்பவர்க்குப் பிழைப்பு கிடைக்கிறது. கோயிலில் விளக்கும் எரிகிறது. பொன்னாக வந்த கொடையும் பெட்டியில் தங்கியதில்லை. ஊர்ச்சபையிடம் வட்டிக்கு விடப்பட்டு, அந்த வட்டியே திருப்பணிக்கு ஆயிற்று. தரிசு திருத்தவும் வாய்க்கால் வெட்டவும் கோயில்வழி முதல் கிடைத்தது. இன்றைய மொழியில் கூறின், கோயில் வங்கியாகவும் வேளாண் முதலீட்டாளராகவும் விளங்கியது.

கோயில், மக்களுக்கு வேலை அளித்த பெரிய நிறுவனமும் ஆகும். கோயில் பணியாளரைக் கொத்துகளாகப் பகுத்து இராமாநுசர் ஒழுங்குபடுத்திய செய்தியைக் கோயிலொழுகு விரிவாகக் கூறுகிறது. ஓதுவோர் முதல் ஓலை எழுதுவோர் வரை, பூத்தொடுப்போர் முதல் பல்லக்குச் சுமப்போர் வரை ஒவ்வொருவர்க்கும் பணியும் பங்கும் வரையறுக்கப்பட்டன. பெருமாளுக்குரிய தளிகை நாள்தோறும் புதிய மண்பானைகளில் ஆக்கப்பெறும் வழக்கம் திருவரங்கத்திற்குரியது. ஒரு முறை பயன்பட்ட பானை மறுநாள் பயன்படாது என்றால், குயவர்க்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு என்பது பொருள். தூய்மை கருதி எழுந்த விதி ஒரு தொழிலுக்குக் காப்புறுதியாயிற்று. தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் அமைத்து மாலை சாத்திய வரலாற்றிலும் ஒரு தொழிலின் தொடக்கம் இருக்கிறது. திருவரங்கத்தின் பூவணிகம் இன்றும் சாத்தார வீதியில் நடைபெற்று வருகிறது. காவிரிக்கரைச் சிற்றூர்களில் பூப்பயிரிடுவோர் அதனை நம்பி வாழ்கின்றனர்.

13-ஆம் நூற்றாண்டில் முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் இக்கோயிலுக்குப் பொன் வேய்ந்து, 'பொன்வேய்ந்த பெருமாள்' என்னும் பெயர் பெற்றான். அதே நூற்றாண்டில், கொள்ளிடத்தின் வடகரையில் கண்ணனூரைத் தலைநகராகக் கொண்ட போசளர் ஆட்சியில் கோயிலுக்குள் ஆரோக்கியசாலை என்னும் மருத்துவ நிலையம் அமைந்தது. பிற்காலத்தில் அது சிதைய, கருடவாகன பட்டர் அதனைப் புதுப்பித்துத் தன்வந்திரியின் படிமத்தையும் நிறுவினார் என்பதை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. பாண்டியன் வேய்ந்த பொன் படையெடுப்பில் பறிபோயிற்று. மருத்துவ நிலையமோ சிதைந்தும் மீண்டும் எழுந்தது. குவித்த செல்வத்திற்கும் பயன்படும் செல்வத்திற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு நிகழ்ச்சிகளும் புலப்படுத்துகின்றன.

முறிவும் மீட்சியும்

1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பும் 1323-இல் உலூக் கானின் படையெடுப்பும் திருவரங்கத்தைச் சூறையாடின. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஊர்விட்டு ஊர் சென்ற திருமேனி 1371-இல் விசயநகரத் தளபதி கோபணாரின் முயற்சியால் மீண்டது. விழாக்கள் நின்றிருந்த காலம் முழுவதும் அவற்றை நம்பிய தொழில்களும் நின்றிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மீட்சி எவ்வாறு தொடங்கியது என்பது கருதத்தக்கது. 1383-இல் விருப்பண்ண உடையார் சித்திரைத் தேர்த் திருவிழாவைப் புதுப்பித்து, அதற்கென ஊர்களைக் கொடையாக அளித்தார் என்பது கோயில் வரலாறு. அவ்விழா அவர் பெயரால் 'விருப்பன் திருநாள்' என்றே வழங்குகிறது. சுற்றுவட்டார உழவர் நெல்லும் பயறும் கால்நடையும் காணிக்கையாகக் கொண்டு பெருந்திரளாக வரும் விழா அதுவே. சிதைந்த நகரை மீட்கக் கையாண்ட வழி, நகரையும் நாட்டுப்புறத்தையும் மீண்டும் பிணைக்கும் ஒரு திருவிழா ஆகும்.

18-ஆம் நூற்றாண்டின் கருநாடகப் போர்களில் ஊர் மீண்டும் துன்புற்றது. 1752-இல் பிரெஞ்சுப் படை இத்தீவிலேயே பாளையமிறங்கி, இங்கேயே ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. 1801-இல் கருநாடகம் கும்பினியார் ஆட்சிக்குள் வந்தது. 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் அறநிலையங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. சென்னை மாகாணத்தில் பல கோயில்களின் நில வருவாய் அரசிடம் சென்று, அதற்கு ஈடாகத் 'தஸ்திக்' என்னும் ஆண்டுத் தொகை வழங்கப்பட்டது. அந்தத் தொகை மாறாதது. விலைவாசியோ மாறிக்கொண்டே இருப்பது. நிலத்தில் விளைந்த நெல் பணியாளர் வீட்டுக் குதிருக்கு நேரே சென்ற நிலை மாறி, நாளுக்கு நாள் மதிப்புக் குறையும் பணம் அதன் இடத்தைப் பிடித்தது. வாளால் நேர்ந்த முறிவு கண்ணுக்குத் தெரிந்தது. கணக்கால் நேர்ந்த இம்முறிவு மெல்ல நிகழ்ந்தமையால் பலர் கருத்தில் படவில்லை.

இருப்புப்பாதையும் கொதிகலனும்

19, 20-ஆம் நூற்றாண்டுகளில் பொருளாதாரத்தின் மையம் ஆற்றின் தென்கரைக்கு நகர்ந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியதால் காவிரிப் பாசனம் உறுதிப்பட்டது. 1862-இல் நாகப்பட்டினத்திலிருந்து இருப்புப்பாதை திருச்சிராப்பள்ளியை எட்டியது. தென்னிந்திய இரயில்வேயின் தலைமையிடமாக இந்நகர் உயர்ந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த தொழிற்கூடம் 1920-களின் இறுதியில் பொன்மலைக்கு வந்தது. 1960-களில் திருவெறும்பூர் அருகே பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை நிறுவப்பட்டது. அதனைச் சார்ந்து உலோகக் கட்டுமானச் சிறுதொழிற்கூடங்கள் துவாக்குடி, அரியமங்கலம் பகுதிகளில் பெருகின. திருவரங்கத்தின் வீதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஆற்றைக் கடந்து வேலைக்குச் செல்லலாயினர்.

இதே காலத்தில் உறையூரின் பழந்தொழில்களும் புகழ் பெற்றுப் பின் தேய்ந்தன. திண்டுக்கல் பகுதிப் புகையிலையைக் கொண்டு சுற்றப்பட்ட திருச்சிச் சுருட்டு, விக்டோரியா அரசியின் காலத்து இங்கிலாந்தில் பெயர் பெற்றிருந்தது. ஆர்தர் கானன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில் கொலையாளியைப் பற்றிய துப்புகளுள் ஒன்று திருச்சிச் சுருட்டின் சாம்பலே. செயற்கை வைரத்திற்குப் பட்டை தீட்டும் தொழில் உறையூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் வீடுதோறும் நடைபெற்றது. பெண்கள் பலர்க்கு அது வருவாய் தந்தது. இயந்திரத்தில் பட்டை தீட்டப்பட்ட மலிவான கற்கள் வெளிநாடுகளிலிருந்து வந்து குவிந்தபோது அந்தப் பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கைத்தறி கூட்டுறவுச் சங்கங்களின் துணையால் உயிர்த்திருக்கிறது. ஆயினும் தறியில் அமர இளைஞர் முன்வருவது அரிதாகிவிட்டது. பேராலையைச் சார்ந்த சிறுதொழிற்கூடங்களுக்கும் 2010-களில் அனல்மின் திட்டங்கள் குறைந்ததால் வேலை குறைந்தது. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிய தொழிலின் நிலை அது.

1871-இல் தனி நகராட்சியான திருவரங்கம், 1994-இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் பகுதியாயிற்று. மாநகராட்சி வரைபடத்தில் அது ஒரு கோட்டம். ஆனால் தனக்கென அமைப்பும் வாழ்முறையும் உடைய தொல்நகர் என்னும் உண்மை அதனால் மாறிவிடவில்லை.

புரூஜ் நகரம் தரும் பாடம்

தொல்நகர்களின் பொருளாதாரச் சிக்கல் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. பெல்ஜியம் நாட்டின் புரூஜ் நகரம் இடைக்காலத்தில் ஐரோப்பாவின் பெருவணிக நகர்களுள் ஒன்று. ஸ்வின் என்னும் நீர்வழி அதனைக் கடலோடு இணைத்தது. அந்நீர்வழி மணலால் தூர்ந்தபோது வணிகம் ஆண்ட்வெர்ப் நகருக்குச் சென்றது. சில நூற்றாண்டுகள் புரூஜ் வறுமையுற்றுக் கிடந்தது. அந்த வறுமையே அதன் பழைய வீதிகளை இடிபடாமல் காத்தது. 1907-இல் கடற்கரையில் சேபுரூஜ் துறைமுகம் திறக்கப்பட்டது. தொழிலும் சரக்குப் போக்குவரத்தும் துறைமுகத்தைச் சார்ந்தன. பழைய நகர் தன் தோற்றம் மாறாமல் பயணிகளை ஈர்த்தது. 2000-இல் யுனெஸ்கோ அதன் பழைய நகர்ப்பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

திருவரங்கத்திற்கும் புரூஜுக்கும் ஒற்றுமை உண்டு. கனரகத் தொழில் ஊருக்கு வெளியே அமைந்ததால் இரண்டிலும் பழைய வீதியமைப்பு பிழைத்தது. வேற்றுமையும் உண்டு. புரூஜின் பழம்பொருளியல் முற்றிலும் மறைந்தபின் அது பார்வையிடும் ஊராயிற்று. திருவரங்கத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓதப்பட்ட பாசுரம் இன்றும் ஓதப்படுகிறது. தொடுக்கப்பட்ட பூ இன்றும் தொடுக்கப்படுகிறது. இங்குள்ள மரபு நடைமுறையில் இருக்கும் மரபு. எனவே புரூஜைப் போலப் பயணிகளை மட்டும் நம்பும் ஊராகத் திருவரங்கம் மாறத் தேவையில்லை. மாறினால் அது முன்னேற்றமும் ஆகாது.

இன்றைய நிலை

கோயிலின் ஏழு திருச்சுற்றுகளுள் உள்ளே இருக்கும் நான்கு வழிபாட்டுக்குரியவை; வெளியே இருக்கும் மூன்றில் மக்கள் வாழ்கின்றனர். உத்திர வீதியும் சித்திரை வீதியும் அடையவளைந்தான் வீதியும் கோயிலின் மதில்களுக்குள்ளேயே உள்ள குடியிருப்புகள். 156 ஏக்கர் பரப்பும் 21 கோபுரங்களும் கொண்ட இவ்வமைப்பின் சிறப்பே, வீடும் கடையும் கோயிலும் ஒரே மதிலுக்குள் அமைந்திருப்பது.

கடந்த நாற்பது ஆண்டுகளில் நல்ல பணிகள் பல நிகழ்ந்துள்ளன. நூற்றாண்டுகளாகக் குறையாய் நின்ற தெற்கு வாயில் 236 அடி உயர இராசகோபுரமாக 1987-இல் நிறைவு பெற்றது. 2012-இல் நாள் முழுவதுமான அன்னதானத் திட்டமும், 2014-இல் யாத்திரிகர் தங்கும் விடுதியும் தொடங்கப்பட்டன. 2014-இல் இக்கோயில் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. 2015-ஆம் ஆண்டுக் குடமுழுக்கை ஒட்டி, பிற்காலத்தில் சேர்ந்த கட்டுமானங்கள் அகற்றப்பட்டு, மரபுவழிச் சுண்ணாம்புச் சாந்தும் பழைய மழைநீர் வடிகாலும் மீட்கப்பட்டன. அதற்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய - பசிபிக் மரபுக் காப்பு விருது கிடைத்தது. அத்திருப்பணியில் ஸ்தபதிகளுக்கும் கொத்தர்களுக்கும் மறைய இருந்த தொழில்நுட்பம் மீண்டும் கைவந்தது. பழைய சுழற்சி இன்றும் இயலும் என்பதற்கு அதுவே சான்று.

கவலைக்குரியவையும் உள்ளன. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன. 2023 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிழக்கு வாயில் கோபுரத்தின் ஒரு பகுதி நள்ளிரவுக்குப்பின் இடிந்து விழுந்தது. வீதி ஆளரவமற்றிருந்த நேரமாதலால் உயிர்ச்சேதம் நேரவில்லை. பழைய வீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் அடுக்ககங்களாகவும் உருமாறி வருகின்றன. படித்த இளைஞர் வெளியூர்களில் பணிபுரிய, வீதிகளில் முதியோர் மிகுதியாக வாழ்கின்றனர். வைகுண்ட ஏகாதசிக்கு இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சில மணி நேரமே தங்கி மீள்கின்றனர். அவர்கள் வாங்கிச் செல்லும் பொருள்களுள் இப்பகுதியில் ஆக்கப்பட்டவை எத்தனை என்பது ஒவ்வொரு கடை வாயிலிலும் கேட்கப்பட வேண்டிய வினா.

செய்யத்தக்கவை

பழனிப் பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றன. திருச்சி மாவட்டத்து மணப்பாறை முறுக்கு 2023-இல் பெற்றது. கோயிலூரின் பெயரும் உள்ளூர் உற்பத்தியும் இணைந்தால் உழவர், பால் உற்பத்தியாளர், வீட்டுத் தொழில் செய்யும் பெண்கள் ஆகியோர் பயனடைய வழி பிறக்கிறது. ஆண்டாளின் மாலை திருவில்லிபுத்தூரிலிருந்து திருவரங்கத்திற்கு வருகிறது. அவ்வூர்ப் பால்கோவாவின் வெற்றியும் இங்கு வரத்தக்க பாடமே.

கோயில் தேவைக்கான துணியை உறையூர்த் தறிகளிலிருந்தும், பூவைக் காவிரிக்கரை உழவரிடமிருந்தும், பானையைச் சுற்றுவட்டாரக் குயவரிடமிருந்தும் நியாயமான விலையில் நேரே பெறுவதை நிலையான கொள்கையாக்குதல் முதற்பணி. மதிலுக்குள் வசிப்போர் தம் பழைய வீடுகளைப் பழுது பார்த்துத் தொடர்ந்து வாழ உதவுதல் இரண்டாம் பணி. வீடுகள் காலியான வீதியில் கோலமிடுவோர் இரார். கோலமற்ற வீதி வழியே தேர் மட்டும் செல்வதால் பயனில்லை. கனரக ஊர்திகளைக் கோபுர வாயில்களிலிருந்து விலக்குதலும், ஆற்றின் மணலையும் கரையையும் காத்தலும் மூன்றாம் பணி. காவிரியும் கொள்ளிடமும் காக்கப்படாவிட்டால் தீவும் இல்லை, அரங்கமும் இல்லை.

வருவோர் எண்ணிக்கையும் உண்டியல் தொகையும் ஆண்டுதோறும் கணக்கிடப்படுகின்றன. அவற்றோடு, எத்தனை தறிகள் ஓடுகின்றன, எத்தனை ஏக்கரில் பூ பயிராகிறது, எத்தனை வீடுகளில் குழந்தைகள் வளர்கின்றனர் என்பனவும் கணக்கிடப்பட வேண்டும். சோழர் காலத்துக் கல்வெட்டு ஆட்டின் எண்ணிக்கையையும் நெய்யின் அளவையும் தவறாமல் பொறித்து வைத்தது. விளக்கு எரிய வேண்டுமெனில் ஆடு மேய்ப்பவனும் வாழ வேண்டும் என்பதை அதனைப் பொறித்தவர்கள் அறிந்திருந்தனர். அந்த அறிவோடு செயல்பட்டால் திருவரங்கத்தின் வளம் அடுத்த தலைமுறைக்கும் செல்லும்.